கம்பெனி பெரிதுதான், ப்ராஜெக்ட் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் நாளிதழில் ஐடி வேலையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பேட்டி கொடுத்தவர்களில் பாதிப் பேர் அதை சொர்க்கம் என்கிறார்கள், மீதிப் பேர் கொத்தடிமைத்தனம் என்கிறார்கள். நான் ஒரு பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனியில் 13 வருடம் குப்பை கொட்டியவள். ட்ரெய்னியாகச் சேர்ந்து, கடைசி நான்கு வருடம் 30 பேர் கொண்ட டீமுக்கு மேனேஜராக இருந்து, அப்புறம் சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் ஒரு சின்ன ப்ராடக்ட் கம்பெனிக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. கட்டுரையை முடித்ததும் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இத்தனை பேர் பேசியிருக்கிறார்கள், அந்தக் கம்பெனி எதை விற்றுக் காசு பார்க்கிறது என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லாமல் நல்லது கெட்டது பேசினால் பட்டிமன்றம்தான் நடக்கும்.

அது விற்பது நம்முடைய நேரத்தை. எங்கோ இருக்கும் ஒரு வங்கிக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ "இத்தனை ஆள், இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு" என்று பேசி பில் போடுகிறார்கள். எல்லா ஒப்பந்தமும் இப்படி இல்லை, மொத்தமாக ஒரு தொகைக்குப் பேசி எடுக்கும் வேலையும் உண்டு, ஆனால் அதற்கும் உள்ளே கணக்குப் போடுவது ஆள்-மணியில்தான். பில் போட முடிந்தால் நீங்கள் 'பில்லபிள்'. முடியாவிட்டால் பெஞ்ச், அதாவது அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை காத்திருப்பு. மொத்த ஆட்களில் எத்தனை சதவீதம் பேருக்கு பில் போகிறது என்பதற்கு யுடிலைசேஷன் என்று பெயர், அது 80, 85 என்று இருந்தால் மேலே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். வேலை தெரியாத ஆளைக் கூலி கொடுத்துப் பழக்குவதிலிருந்து, 40 வயதில் ஒருவரை அறைக்குக் கூப்பிட்டு ராஜினாமா எழுதச் சொல்வது வரை, எல்லாம் இந்த ஒரே கணக்கிலிருந்து வருவதுதான்.

எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதும் டைம்ஷீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆனால் அதை நிரப்பியாக வேண்டும். ப்ராஜெக்டுக்கு ஒரு கோடு (code), அதில் செய்த வேலைக்கு ஒரு கோடு, எதிரே நாளுக்கு ஒன்றாக ஐந்து கட்டங்கள். அந்த வாரம் நான் 60 மணி நேரம் உழைத்திருப்பேன், கட்டத்தில் 8, 8, 8, 8, 8 என்றுதான் போடுவேன். 9 என்று அடித்தால் கட்டம் சிவப்பாகிவிடும், ஏனென்றால் வாடிக்கையாளரிடம் பேசியது 40 மணி நேரத்துக்கு. மீதி 20 மணி நேரம் எங்கே போனது என்று கேட்டால், அதற்குக் கோடு கிடையாது. பதின்மூன்று வருடத்தில் அப்படிக் கோடு இல்லாமல் போன மணி நேரத்தை ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க நினைத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சரி, நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே பெரிய விஷயம். என்னோடு சேர்ந்த பேட்ச்சில் மெக்கானிக்கல், சிவில், பயோடெக் படித்தவர்கள் ஏராளம். நானே எலக்ட்ரிகல். கம்ப்யூட்டர் நிரலில் ஒரு லூப்கூட எழுதத் தெரியாது. மூன்று மாதம் சம்பளம் கொடுத்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உலகத்தில் எத்தனை தொழிலில், வேலை தெரியாத ஆயிரக்கணக்கானவர்களை மொத்தமாக எடுத்துக் கூலியும் கொடுத்துத் தொழிலும் கற்றுத் தருவார்கள்? இது தர்மத்துக்குச் செய்வதில்லை. பிரமிடு என்பார்கள், கீழே குறைந்த சம்பளத்தில் நிறைய இளைஞர்கள், மேலே கொஞ்சம் அனுபவசாலிகள். அடிமட்டம் அகலமாக இருந்தால்தான் லாபம் நிற்கும். ஆனால் காரணம் எதுவானாலும் பலன் நமக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசத் தயங்கிய நான் ஒரு வருடத்தில் வாடிக்கையாளரோடு தனியாகப் பேசினேன் என்றால் அந்த வகுப்பறைதான் காரணம்.

டிசிஎஸ் தொடங்கியது 1968இல், இன்ஃபோசிஸ் 1981இல். ஆனால் இந்தத் தொழிலைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது 2000ஆம் ஆண்டுப் பிரச்சினைதான். கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள், 99க்கு அப்புறம் 00 வந்தால் 1900 என்று எடுத்துக்கொண்டுவிடும். கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும், அதுவும் கட்டுப்படியாகும் விலையில் வேண்டும். இந்தியக் கம்பெனிகள் ஆளை அனுப்பின. வேலை என்றால் ஆளைக் கூட்டு என்ற பழக்கம் அப்போது ஊறியது, இன்றுவரை போகவில்லை.

நான் முதலில் போய் விழுந்ததும் ஒரு வங்கியின் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில்தான். பகல் முழுக்க நடந்த வரவு செலவுகளை இரவு பேட்ச் ஜாப் என்ற தானாக ஓடும் நிரல் மொத்தமாக எடுத்துக் கணக்கில் ஏற்றும், வட்டி போடும், காலையில் கிளை திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சேர்ந்த ஏழாவது மாதம், ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அந்த ஜாப் பாதியில் நின்றுவிட்டது. திரையில் எஸ்0சி7 என்று இருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத எதுவோ இருந்தால் வரும் பிழை அது. எனக்குக் கை உதறியது, முதலிலிருந்து திரும்ப ஓட்டிவிடலாம் என்று கீபோர்டில் கை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த டீம் லீட், "இருங்க, முதல் மூணு ஸ்டெப் முடிஞ்சிருச்சு. திரும்ப ஓட்டினா அத்தனை பேருக்கும் வட்டி ரெண்டு தடவை ஏறிடும்" என்றார். கோப்பைத் திறந்து தேடினோம். ஒரே ஒரு ரெக்கார்டில் தொகை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்து, ஒப்புதல் வாங்கி, நான்காவது ஸ்டெப்பிலிருந்து ஓட்டினோம். அதற்குள் போனில் 40 பேர் கூடிவிட்டார்கள், 15 நிமிடத்துக்கு ஒரு குரல் "அப்டேட் என்ன?" என்று கேட்கும், முப்பத்தெட்டு பேர் மியூட்டில் இருப்பார்கள், வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் அந்த ஓர் இரவில் கற்றுக்கொண்டதை எந்தக் கல்லூரியும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது. பெரிய சிஸ்டத்தில் எங்கே கை வைக்கக் கூடாது, எதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும், தப்பு நடந்தால் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு பெரிய கம்பெனியில்தான் உடம்பில் ஏறும். இப்போது இருக்கும் சின்னக் கம்பெனியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைவ் டேட்டாபேஸில் கை வைப்பதைப் பார்த்து எனக்குப் பகீரென்கிறது.

இதே கட்டடத்தில், இதே பேட்ச்சில் சேர்ந்த என் தோழி ஒருத்திக்கு வேறு ப்ராஜெக்ட். எல்1 சப்போர்ட், அதாவது பயன்படுத்துகிறவர்களின் புகாரை முதலில் வாங்கும் மட்டம். டிக்கெட் என்று ஒரு புகார் வரும், பாஸ்வேர்டை மாற்றிக் கொடு, அக்சஸ் கொடு, இல்லையென்றால் அடுத்த மட்டமான எல்2வுக்குத் தள்ளு, டிக்கெட்டை மூடு. நான்கு வருடம். சம்பளம் எனக்கும் அவளுக்கும் ஒன்றுதான், கழுத்தில் தொங்கிய ஐடி கார்டும் ஒன்றுதான். ஐந்தாவது வருடம் வெளியே நேர்காணலுக்குப் போனாள். "நீங்களாக எதை உருவாக்கினீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து என்னிடம் "நாலு வருஷத்துல ஒரே திரையைத்தான்டி பார்த்திருக்கேன்" என்றாள். அவள் மக்கு இல்லை, பயிற்சியில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள். பயிற்சி முடிந்த நாளில் எந்த ப்ராஜெக்ட் எத்தனை ஆள் கேட்டிருந்தது என்பது மட்டும்தான் அவளுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம்.

அதனால்தான் "அந்தக் கம்பெனி நல்ல கம்பெனியா?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் வராது. லட்சக்கணக்கான பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு ஒரே குணம் இருக்காது. எந்த ப்ராஜெக்ட், எந்த மேனேஜர், எந்த வாடிக்கையாளர் என்று கேளுங்கள், பதில் சொல்கிறேன். வேதனை என்னவென்றால், சேருகிறவருக்குச் சேரும் நாளில் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது.

பெஞ்ச் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு, சும்மா இருக்கச் சம்பளம் என்று. முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து தூக்கம் போய்விடும். ஆள் ஒதுக்கும் பிரிவிலிருந்து போன் வரும், நீங்கள் ஜாவாவில் நிரல் எழுதத் தெரிந்தவர், அவர்களிடம் இருப்பது அடுத்தவர் எழுதியதைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலை. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னால் உங்கள் பெயருக்கு எதிரே ஏதோ எழுதிவிடுவார்கள். முன்பெல்லாம் ஓரிரு மாதம் கண்டுகொள்ளாமல் விட்ட காலமும் உண்டு. 2025 ஜூனில் டிசிஎஸ் கொண்டுவந்த விதிப்படி வருடத்தில் குறைந்தது 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. அடுத்த மாதமே மொத்த ஊழியர்களில் 2 சதவீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள், அதுவும் பெரும்பாலும் நடுத்தட்டு, மேல்தட்டு ஆட்களை. அன்று என் பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ராத்திரிவரை ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இத்தனைக்கும் பாதிப் பேர் வேறு கம்பெனிகளில் இருப்பவர்கள். பிரமிடு கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், காரணம் புரியும். 12, 15 வருட அனுபவம் என்றால் சம்பளம் ஏறியிருக்கும், வாடிக்கையாளர் கொடுக்கும் ரேட் அந்த அளவுக்கு ஏறியிருக்காது. கல்லூரியிலிருந்து வருகிறவருக்குக் கொடுக்கும் ஆரம்பச் சம்பளமோ பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கிறது. இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. மூன்று பேர் செய்ததை ஒருவர் செய்தால், மணிக்கணக்கில் விற்கிறவருக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை.

இனி என் பங்குப் பாவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேனேஜராக இருந்தபோது வருடாவருடம் பெல் கர்வ் போட வேண்டும். 30 பேரில் மேல் ரேட்டிங் மூன்று பேருக்கு, கடைசி ரேட்டிங் இரண்டு மூன்று பேருக்குக் கட்டாயம். முப்பது பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் அந்த இரண்டு பேரை நான் தேடிப்பிடிக்க வேண்டும். ஒரு வருடம் ஒரு பையனுக்குக் கொடுத்தேன். அவன் செய்த தப்பு, அவனுடைய ப்ராஜெக்டை வாடிக்கையாளர் பாதியில் நிறுத்தியதுதான். கூட்டத்தில் மற்ற லீடுகள் தங்கள் ஆட்களுக்காக வரிந்துகட்டிச் சண்டை போட்டார்கள், அவனுக்காகப் பேச ஆள் இல்லை, நான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அவனை அழைத்து, "உங்க கம்யூனிகேஷன் இன்னும் கொஞ்சம் இம்ப்ரூவ் ஆகணும்" என்று சொன்னேன். அவன் ஒரு நோட்டில் அதை எழுதிக்கொண்டான். அந்த நோட்டைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பெண்களுக்கு எப்படி என்று உங்கள் கட்டுரையில் இரண்டே வரி இருந்தது. நான் கொஞ்சம் கூட்டியே சொல்கிறேன். ராத்திரி ஷிப்ட் என்றால் வாசல்வரை வண்டி வரும், பெண் கடைசியாக இறங்குவதாக இருந்தால் கூடவே காவலர் வருவார். பிரசவ விடுப்பு 2017 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம், அதை நான் யாரிடமும் கெஞ்சாமல் முழுச் சம்பளத்தோடு எடுத்தேன், சின்ன இடங்களில் வேலை பார்த்த என் உறவுக்காரப் பெண்களுக்கு அப்படி வாய்க்கவில்லை. அம்மா அப்பாவுக்கும் மருத்துவக் காப்பீடு இருந்தது. அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனை கவுண்டரில் நீட்டியது அந்தக் கார்டைத்தான், நான் கடன் வாங்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிட்டது. இதையெல்லாம் அனுபவித்துவிட்டு அந்தக் கம்பெனியை வெறுமனே திட்டினால் நாக்கு அழுகிவிடும். ஆனால் விடுப்பு முடிந்து திரும்பியபோது என் இடத்தில் வேறொருவர் இருந்தார், நான் பெஞ்ச். வருடத்தில் பாதி நாள் பில்லிங்கில் இல்லை என்பதால் ரேட்டிங்கும் சராசரி. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை, எல்லாரும் குழந்தை எப்படி இருக்கிறது என்றுதான் விசாரித்தார்கள்.

வெளிநாடு போகலாம் என்ற ஆசையில் சேருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஆன்சைட் என்ற ஒரு வார்த்தையை வைத்து எங்களை எத்தனை வருடம் ஓட்டினார்கள் தெரியுமா, "அடுத்த க்வார்ட்டர் உங்க பேர்தான்" என்று. அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் ஹெச்-1பி விசாவுக்கு வருட உச்சவரம்பு 65,000, அங்கேயே முதுநிலை படித்தவர்களுக்கு இன்னொரு 20,000, அதற்கும் குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த பிறகு, அந்த ஆசையை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் சொந்த அலுவலகங்களையே இந்தியாவில் திறந்துகொண்டிருக்கின்றன, அங்கே முயற்சி செய்யலாம், சம்பளமும் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல். அதற்கு மாறலாம் என்றால் குறுக்கே நிற்பது 90 நாள் நோட்டீஸ். புதிய இடத்தில் "30 நாளில் வர முடியுமா?" என்பார்கள், பழைய இடத்தில் 90 நாளில் ஒரு நாள் குறைக்க மாட்டார்கள். அவர்கள் உங்களை அனுப்ப நினைத்தால் மட்டும் அந்த 90 நாள் ஒரே மதியத்தில் முடிந்துவிடும். அப்படி ஒரு மதியம் வந்தால், தம்பி தங்கைகளே, அந்த அறையிலேயே ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் நீக்கினால் அது ஆட்குறைப்பு, அதற்கு நோட்டீஸ், இழப்பீடு என்று சட்டம் கேள்வி கேட்கும். நீங்களாக எழுதிக் கொடுத்தால் கேள்வியே இல்லை. எதுவானாலும் மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போதைய கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எழுதியதை யாரோ பயன்படுத்துவது கண்ணுக்குத் தெரிகிறது, டைம்ஷீட் கிடையாது. ஹெச்ஆர் என்று ஒரே ஒருவர், காப்பீட்டில் பெற்றோருக்கு இடமில்லை, அடுத்த முதலீடு வருமா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் முதல் மூன்று வருடம் பெரிய கம்பெனியில்தான் இருப்பேன். ஆனால் பதின்மூன்று வருடம் இருக்க மாட்டேன், முதல் ப்ராஜெக்டில் 18 மாதம் முடிந்ததுமே மாற்றம் கேட்டு மெயில் போட ஆரம்பித்திருப்பேன்.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. 2022இல் படிப்பை முடித்துக் கையில் ஆஃபர் லெட்டர் வைத்திருந்தவர்களில் பலர் வேலையில் சேரும் தேதிக்காக ஒரு வருடம், சிலர் அதற்கும் மேல் காத்திருந்தார்கள். என் சித்தி மகனும் அதில் ஒருவன். பதினான்கு மாதம் தினமும் மெயிலைத் திறந்து பார்த்தான், வேறு வேலைக்குப் போனால் இது போய்விடுமோ என்று பயந்து எதற்கும் போகவில்லை. ஆனால் அவன் படித்த கல்லூரியின் விளம்பரத்தில் அந்த வருடம் 'வேலை பெற்றவர்கள்' கணக்கில் அவன் போட்டோவும் சிரித்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட விளம்பரங்கள் உங்கள் நாளிதழிலும் முழுப்பக்கம் வருகின்றன. அடுத்த முறை அந்தப் பக்கத்தை வாங்க வருகிறவர்களிடம், ஆஃபர் எத்தனை பேருக்கு என்பதோடு, எத்தனை பேர் எந்தத் தேதியில் உள்ளே போய் உட்கார்ந்தார்கள் என்பதையும் கேட்டு, அதே எழுத்து அளவில் போடுவீர்களா?

இப்படிக்கு,
முன்னாள் ஐடி சர்வீஸ் ஊழியை, உங்கள் நெடுநாள் வாசகி